மந்திரத்தின் விலை யார் கணக்கில்? சூனியக்காரிகளின் கதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் சூனியக்காரிகளின் கதைகளை எழுதுகிறவர்களுக்கும், அக்கதைகளுக்கு ஒப்புதல் வழங்கி விளம்பர வாசகம் தீட்டுகிற அலைவரிசை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உங்கள் தொடர்களைப் பார்த்துவரும் ஒருத்தி இம்மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் எவரும் இதைப் படிக்கப்போவதில்லை என்பதை அறிவேன். இருந்தாலும், உங்கள் தொடர்களை இரவு விழித்துப் பார்த்துவிட்டு மறுநாள் எங்களுக்குள் வழக்காடுகிற கூட்டம் ஒன்று இங்கே உண்டு. அந்த வழக்கின் சாரத்தை உங்கள் முகவரிக்கு எழுதிவைப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. உங்கள் மொழியில் 'விட்ச்' என்ற சொல்லைப் பெண்கள் தாமே விரும்பிச் சூட்டிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. தமிழில் 'சூனியக்காரி' இன்னும் வசைச்சொல்தான். ஒருத்தி தன்னைத்தானே அப்படி அழைத்துக்கொள்வதில்லை, பிறர்தாம் அவளை அப்படி அழைக்கிறார்கள். 'மந்திரவாதி' என்றாலோ, கையில் வேப்பிலையோடு காசு வாங்கிக்கொண்டு பேயோட்டும் ஆண்தான் எங்கள் மனக்கண்ணில் வருகிறான். இந்தியாவில் இச்சொல்லின் பாரம் கதைகளோடு முடிந்துவிடுவதில்லை. பெண்களைச் சூனியக்காரிகள் என்று முத்திரை குத்தி அடித்து விரட்டுவதைத் தடுக்க ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2001இல் இருந்து தனிச் சட்டம் இருக்கிறது. அப்படி முத்திரை குத்தப்பட்டு, பின்னர் அதே கொடுமைக்கு ஆளான மற்றப் பெண்களுக்காகப் போராடிய சுட்னி மகதோவுக்கும், அஸ்ஸாமில் இதே போராட்டத்தை நடத்திய பிருபாலா ராபாவுக்கும் 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆகவே, இந்த ஒரு சொல்லை எடுத்துப் பெண்ணின் வலிமைக்குப் பெயராக மாற்றிக் காட்டுகிறோம் என்று நீங்கள் சொல்லும்போது, அதை வெறும் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டு கடந்துபோக எங்களால் முடிவதில்லை.

நான் முதலில் பார்த்தது 'சார்ம்ட்'. 1998 அக்டோபரில் தொடங்கி 2006 மே வரை எட்டு சீசன்களாக, 178 அத்தியாயங்கள் ஓடிய தொடர் அது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பழைய வீடு, அதன் உச்சி அறையில் மந்திர நூல் ஒன்று, ப்ரூ, பைப்பர், ஃபீபி என்று மூன்று சகோதரிகள். அரக்கர்கள் வெடித்துச் சிதறும் காட்சிகள் என்னைப் பெரிதாக ஈர்த்ததில்லை. உலகத்தைக் காப்பாற்றிவிட்டு மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பவேண்டியிருந்ததுதான் என்னைக் கட்டிப்போட்டது. ப்ரூ ஏல நிறுவனத்தில் வேலை பார்த்தாள். பைப்பர் உணவகத்தில் சமைத்து, பிறகு சொந்தமாக ஓர் இரவு விடுதி நடத்தினாள். வேலையில்லாமல் வீடு திரும்பிய ஃபீபி பின்னாளில் நாளிதழில் ஆலோசனைப் பத்தி எழுதினாள். ப்ரூவின் இறப்புக்குப் பின் வந்துசேர்ந்த இன்னொரு சகோதரி பெய்ஜ் சமூகநலத் துறையில் இருந்தாள்.

பெண்ணியம் என்ற சொல்லை உரக்கச் சொல்லாமலேயே அத்தொடர் செய்த சில காரியங்கள் இன்றும் எனக்கு வியப்பளிப்பவை. பைப்பருக்கும் லியோவுக்கும் பிறந்த மகன் வயாட், ஹாலிவெல் என்ற தாய்வழிப் பெயரையே தாங்கினான். அந்தக் குலத்தில் பெயரும் ஆற்றலும் தாயிடமிருந்து மகளுக்குத்தான் செல்லும் என்பது பெரிய பிரகடனம் ஏதுமின்றி வீட்டுச் சங்கதியாகச் சொல்லப்பட்டது. பாட்டியின் ஆவி வந்து, பிறந்தது ஆண் குழந்தையா என்று முகம் சுளிக்கும் காட்சியைப் பார்த்து, பெண் குழந்தை பிறந்ததற்காகச் சுளித்த முகங்களையே கண்டு வளர்ந்த நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். சண்டை பெண்களுடையதாகவும், காயத்தை ஆற்றும் வேலை லியோவினுடையதாகவும் இருந்ததும் அப்படியே.

ஆனால் தொடரை உருவாக்கிய கான்ஸ்டன்ஸ் பெர்ஜ் இரண்டாம் சீசனுக்குப் பின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி, பிராட் கெர்ன் இறுதிவரை அதை நடத்திய காலத்தில், திரையில் ஒரு மாற்றம் மெல்ல நிகழ்ந்தது. காரணத்தை ஒரே ஆள் மீது போடுவது நியாயமாகாது. விளைவை மட்டும் சொல்கிறேன். ஐந்தாம் சீசனின் தொடக்கத்தில், தீமையின் தலைவனாக இருந்த கணவன் கோலிடமிருந்து மணவிலக்குப் பெறும் ஃபீபியின் துயரத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் அவள் கடற்கன்னியானாள். ஆறாம் சீசனில் வால்கிரிகள் எனும் நார்ஸ் புராணப் போர்க்கன்னியரின் கவச உடை. ஏழாம் சீசனில், ஆடையின்றிக் குதிரையில் ஊர்வலம் போனதாகச் சொல்லப்படும் ஆங்கிலச் சீமாட்டி லேடி கொடைவா. கதைக்கேற்ற உடை என்பது போய், உடைக்கேற்ற கதை என்றானது. நடிகைகள் அத்தனையையும் நகைச்சுவையோடு சமாளித்தார்கள் என்பது உண்மை. ஆனால் துயரப்படுகிற ஒருத்தியின் துயரத்தைக் கேட்க நேரம் ஒதுக்காமல், அவளுக்கு மீன்வாலை மாட்டிவிட்ட முடிவு எழுத்தாளர் அறையில்தானே எடுக்கப்பட்டது?

இன்னொன்றையும் அப்போது நான் கவனிக்கத் தவறினேன். சகோதரிகளின் இரகசியம் அறிந்த காவல் அதிகாரி டாரில் மோரிஸ், அந்த வெள்ளை உலகில் நெடுநாள் நிலைத்திருந்த ஒரே கறுப்பினப் பாத்திரம். அவர்கள் விட்டுச்செல்லும் தடயங்களை மறைப்பதே அவருக்குக் கதை கொடுத்த வேலை. ஆறாம் சீசனில் சகோதரிகளின் மந்திரம் வெளிப்பட்டுவிட்டதை மூடிமறைப்பதற்காக, அவர் செய்யாத கொலைக்கு அவர் மீது பழி விழுந்து, மரண தண்டனையின் வாசல்வரை அவர் கொண்டுபோகப்படுகிறார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்த அத்தியாயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்பழமொழிதான் நினைவுக்கு வருகிறது.

இவ்விடத்தில் என் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கதைகளில் மந்திரம் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பெரிய மந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு, அதுவே கதையின் சுவையும்கூட. அந்த விலையை நீங்கள் யார் கணக்கில் பற்று எழுதுகிறீர்கள் என்பதைத்தான் நான் கேட்கிறேன். எத்தனை பெண்கள், எத்தனை நிறங்கள், எத்தனை அடையாளங்கள் திரையில் இருக்கின்றன என்று எண்ணிப்பார்ப்பது எளிது. சாவும் இழப்பும் தனிமையும் அவர்களில் யாருக்குப் பங்கு வைக்கப்படுகின்றன என்று பார்த்தால் வேறொரு கணக்கு கிடைக்கிறது.

2018இல் மறுபடியும் 'சார்ம்ட்' வந்தது. அதை அறிவித்தபோது, துணிச்சலும் நகைச்சுவையும் பெண்ணியமும் கொண்ட மறு ஆக்கம் என்ற பொருளில் விளம்பரம் செய்தீர்கள். முதல் தொடரில் பைப்பராக நடித்த ஹாலி மேரி கோம்ப்ஸ் அதைப் பொதுவெளியிலேயே கடிந்துகொண்டார். முன்னது பெண்ணியம் இல்லாமல் இருந்தது போன்ற தொனி அந்த வாசகத்தில் இருந்ததால், அவருடைய கோபத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் புதிய தொடரைப் பார்க்காமலேயே தூற்றிய பலரோடு எனக்கு உடன்பாடு இல்லை. மெல் என்ற நடுச்சகோதரியைத் தன்பாலீர்ப்புள்ள பெண்ணாக, அதை ஒரு பிரச்சினையாக ஆக்காமல், முதல் அத்தியாயத்திலிருந்தே எழுதினீர்கள். மூவரையும் லத்தீன் அமெரிக்கப் பெண்கள் என்று ஊடகங்கள் எழுதித்தள்ளிய நிலையில், மெல்லாக நடித்த மெலோனி டயஸ் மட்டுமே அந்தப் பின்னணியைச் சேர்ந்தவர் என்பது தெரியவந்து சர்ச்சையானது. அந்த உண்மையைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்து, மூத்தவள் மேசியைப் போலவே இளையவள் மேகியும் ஒரு கறுப்பினத் தந்தையின் மகள் என்று பின்னர் எழுதியதை நான் நேர்மையான திருத்தமாகவே பார்க்கிறேன்.

அப்படியிருந்தும் விலைக் கணக்கு மாறவில்லை. பெண்ணியத் துறைப் பேராசிரியையான தாய் மரிசோல் முதல் அத்தியாயம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே கொல்லப்படுகிறாள். பெண்களே நிறைந்த மூத்தோர் அவையை அமைத்து, அந்த அவையைச் சேர்ந்த வெள்ளைப் பெண்ணான சாரிட்டியின் கையால் அவள் மாண்டாள் என்று பின்னர் அவிழ்த்தது நல்ல எழுத்து; அதிகாரத்தில் பெண்களை அமர்த்துவதால் மட்டும் அதிகாரத்தின் குணம் மாறிவிடாது என்று சொல்லத் துணிந்த இடம் அது. ஆனால் அதை முழுதாக ஆராய்வதற்குள் கதை வேறு பக்கம் ஓடிவிட்டது. இரண்டாம் சீசனில் ஊரே மாறி சியாட்டில் வந்துவிட்டது. பிறகு மேசி. மரபணு ஆய்வாளர், மூவரில் மூத்தவள், கூச்ச சுபாவமுள்ள கறுப்பினப் பெண். மூன்றாம் சீசனின் முடிவில், 2021இல், எல்லோரையும் காப்பாற்றி அவள் இறந்துபோகிறாள். நடிகை மேடலின் மாண்டாக் தொடரிலிருந்து விலகினார் என்பதால் இது உங்கள் விருப்பத் தேர்வு மட்டுமல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருத்தி விடைபெறுவதற்கு எத்தனையோ வழிகள் இருக்க, கைக்கு முதலில் கிடைத்தது தியாக மரணம்தான் என்பதே என் குறை.

தாய்மார்களின் சாவை இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். பழைய 'சார்ம்ட்' தொடங்கும்போது பேட்டி என்ற பெயருடைய தாய் இறந்து பல ஆண்டுகள், பாட்டி பென்னி இறந்து சில மாதங்கள். மூதாதை மெலிண்டா வாரன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலத்தில் எரிக்கப்பட்டவள். (வரலாற்றுச் சேலத்தில் எவரும் எரிக்கப்படவில்லை, 1692இல் அங்கே 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், அவர்களில் 14 பேர் பெண்கள், முதியவர் ஒருவர் மேலே கற்களை ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். முதலில் குற்றம் சாட்டப்பட்ட மூவரில் ஒருத்தி டிடூபா என்ற அடிமைப் பெண். அவளுடைய வாரிசு என்று பெருமைப்படும் கதாநாயகிகள் உங்களிடம் அரிது.) புதிய தொடரிலும் தாய் சாக, மகள்களின் ஆற்றல் விழிக்கிறது. அறிவை ஆவியாக வந்து சொல்லும் மூத்த பெண்கள் வேண்டும், சமையலறையில் நாற்காலி போட்டு அமர்ந்து எதிர்வாதம் செய்யும் மூத்த பெண்கள் வேண்டாம் என்பது போல் இருக்கிறது. உயிரோடு இருக்கும் தாய்க்கு வயது இருக்கும், கருத்து இருக்கும், இடுப்பு வலி இருக்கும், மகளின் காதலனைப் பற்றி ஒரு முணுமுணுப்பும் இருக்கும். அதை எழுதுவது கடினம் என்பது புரிகிறது.

இந்த வழக்கில் என் முதல் சாட்சி பானி பென்னட். 2009 முதல் 2017 வரை எட்டு சீசன்கள் ஓடிய 'தி வாம்பயர் டைரீஸ்' தொடரின் சூனியக்காரி. மூல நாவல்களில் வெள்ளைப் பெண்ணாக இருந்தவளைத் திரையில் கேட் கிரஹாம் நடிக்கும் கறுப்பினப் பெண்ணாக்கினீர்கள். பிரதிநிதித்துவக் கணக்கில் அது பெரிய முன்னேற்றம். இனி அவள் கட்டிய விலையைப் பாருங்கள். முதல் சீசனில், வேறு யாருக்காகவோ கல்லறையின் மந்திரத் தடையை நீக்கியதால் அவளை வளர்த்த பாட்டி இறக்கிறாள். மூன்றாம் சீசனில், நீண்ட நாள் பிரிந்திருந்து கிடைத்த தாயை, கதாநாயகி எலெனாவையும் மற்றவர்களையும் காக்கும் அவசரத்தில், இரத்தக்காட்டேரியான டேமன் தன்னைப் போலவே இரத்தக்காட்டேரியாக்கிவிடுகிறான். நான்காம் சீசனின் முடிவில், எலெனாவின் தம்பி ஜெரமியை உயிர்ப்பித்து பானி சாகிறாள். அதன் பிறகு வந்த கோடை முழுவதும் அவள் இறந்தது அவளுடைய நெருங்கிய தோழிகளுக்கே தெரியாது. விஷயம் அறிந்த ஜெரமி ஒருவன்தான்; அவனும் அவள் கேட்டுக்கொண்டபடி மூடிமறைத்தான். மற்றவர்கள் கல்லூரிக்குப் போவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கோடைதான் என்னால் மறக்க முடியாத இடம். இத்தனை முறை காப்பாற்றிய ஒருத்தி மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போயும், நேரில் சென்று பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு தோழிக்கும் தோன்றவில்லை. அப்படி எழுதினால் பார்வையாளர்கள் உறுத்தலாக உணர்வார்கள் என்று உங்கள் அறையிலும் எவருக்கும் தோன்றவில்லை. பனை ஏறியவள் பானி, நோகாமல் நுங்கு தின்றவர்கள் மற்றவர்கள். ஆறாம் சீசனின் இறுதியில் எலெனாவின் உறக்கம் பானியின் ஆயுளோடு கட்டப்படுகிறது: பானி வாழும்வரை எலெனா விழிக்க முடியாது. இதைவிட வெளிப்படையாக எழுதிவிட முடியாது. கறுப்பினப் பெண்ணின் உயிரே வெள்ளைக் கதாநாயகியின் மகிழ்ச்சிக்குத் தடையாக நிற்கும்படி கதையைக் கட்டிவிட்டு, அவள் சாகாமல் இருப்பதற்காக அவளைக் குற்ற உணர்வோடு நடக்கவிட்டீர்கள். கடைசி அத்தியாயத்தில் மூதாதைப் பெண்களின் துணையோடு ஊரையே நெருப்பிலிருந்து காப்பதும் அவள்தான். மற்றவர்களுக்குத் திருமணமும் வீடும் குழந்தையும் கிடைக்கின்றன. காதலித்தவனையும் பறிகொடுத்த பானிக்குக் கிடைப்பது ஒரு பயணப் பெட்டி.

அவள் பலவீனமானவள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அத்தொடரில் அவளைப் போல் வலிமை வாய்ந்த எவரும் இல்லை. அந்த வலிமையைத் தனக்காகப் பயன்படுத்த அவளுக்கு ஒரு மாலைப்பொழுதுகூட எழுதப்படவில்லை என்பதே என் முறையீடு.

டாரா என்ற சூனியக்காரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அவளைப் பற்றி ஏற்கனவே நிறையப் பேசியாகிவிட்டது. 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' தொடரில், அவளுடைய குலத்துப் பெண்கள் ஒரு வயதுக்குப் பின் பேயாகிவிடுவார்கள் என்று சொல்லியே அவளை அடக்கி வளர்த்த குடும்பத்தின் பொய் அவிழும் அத்தியாயம், சூனியம் என்ற பழி எதற்காகச் சுமத்தப்படுகிறது என்பதை நான் பார்த்தவரையில் மிகத் தெளிவாகச் சொன்ன தொலைக்காட்சிக் கதை. அதே டாரா 2002 மே மாதம், காதலி வில்லோவோடு மீண்டும் சேர்ந்த மறுநாளே, வேறொருத்தியைக் குறிவைத்துச் சுட்ட தோட்டா பாய்ந்து இறந்தாள். முகப்பு எழுத்துகளில் நடிகை ஆம்பர் பென்சனின் பெயர் முதன்முறையாக வந்ததும் அந்த அத்தியாயத்தில்தான். அந்தப் பெயரைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் அழுதார்கள்.

எல்லாமே இப்படித்தான் என்று சொன்னால் அது பொய்யாகும். 2024இல் வந்த 'அகாதா ஆல் அலாங்' ஒன்பதே அத்தியாயங்களில், பெரும்பாலும் நடுவயதையும் முதுமையையும் எட்டிய பெண்களை வைத்துக் கதை நடத்தியது. அதிலும் சாவுகள் உண்டு. எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை, அக்கூட்டத்தில் ஒருத்தியான ஆலிஸின் முடிவு அவசரமாகவே பட்டது. ஆனால் பேட்டி லுபோன் நடித்த குறி சொல்லும் கிழவி லிலியாவுக்கு ஓர் அத்தியாயம் முழுதாகக் கொடுத்தீர்கள். வாழ்நாளை முன்பின்னாகவே அனுபவித்துவந்த அவளுடைய வாழ்க்கை அந்த ஓர் அத்தியாயத்தில் ஒழுங்காகக் கூடிவருகிறது. தான் யார் என்பதை அறிந்து, விலையை எண்ணிப்பார்த்து, தன் கையாலேயே அதைச் செலுத்துகிறாள். அவள் செத்ததற்காக நான் உங்களோடு சண்டையிடவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பு அவளை வாழவிட்டீர்கள். ஆற்றல் பறிக்கப்பட்ட கறுப்பின மருத்துவச்சி ஜென் அதை மீட்டுக்கொண்டு உயிரோடு வெளியேறுகிறாள் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

சூனியக்காரிகள் யாரும் சாகக்கூடாது, துன்பப்படக்கூடாது என்று நான் கேட்கவில்லை. அப்படிப்பட்ட தொடரை நானே பார்க்கமாட்டேன். அடுத்த தொடருக்காக நீங்கள் ஒன்றுகூடும்போது, ஒவ்வொரு சீசனின் முடிவையும் எழுதிய பின் ஒரே ஒருமுறை பின்னோக்கி வந்து, இந்த வெற்றிக்கான இழப்பு யாருக்கு நேர்ந்தது, முந்தைய சீசனில் யாருக்கு நேர்ந்தது, அதற்கும் முந்தையதில் யாருக்கு என்று வரிசையாக எழுதிப்பாருங்கள். ஒரே பெயர் மூன்று முறை வந்தால், அவள் உங்கள் கதையின் நாயகியாக இருக்கவேண்டும். இல்லையென்றால் நீங்கள் அவளைக் கடனாளியாக வைத்திருக்கிறீர்கள். பெண்ணியம் என்ற சொல்லை விளம்பரத்தில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். இந்தப் பட்டியலைப் போட்டுப்பார்க்கும் அறையில் பானியைப் போன்ற, மேசியைப் போன்ற பெண்கள் சம்பளம் பெறும் எழுத்தாளர்களாகவும், வேண்டாம் என்று சொன்னால் மற்றவர்கள் கேட்கிற இடத்திலும் இருக்கிறார்களா என்பதே எனக்கு முக்கியம்.

கடைசியாக, தனிப்பட்ட ஒரு வேண்டுகோள். அந்த அடுத்த தொடரின் முதல் அத்தியாயத்தில் தாயைக் கொல்லாதீர்கள். அவளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கட்டும். உச்சி அறையில் இருக்கும் மந்திர நூலில் பாதியை அவளே எழுதியிருக்கட்டும். அரக்கன் வந்துபோன பின், உடைந்த கண்ணாடித் துண்டுகளை மகள்கள் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது, அவள் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அவர்கள் உச்சரித்த மந்திரத்தில் எந்த எழுத்து தவறு என்று சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
முதல் சீசனிலிருந்து பார்த்துவரும் ஒருத்தி